750 வழித்தடம்: பஸ்களின் போட்டியில் பயணிகள் படும் பாடு

யாழ்ப்பாணம்–பருத்தித்துறை 750 வழித்தடத்தில் பகலில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. சிவப்பு அரச பஸ் ஒன்று போனால் கொஞ்ச நேரத்தில் தனியார் பஸ் ஒன்று வரும். கட்டணத்தை அரசாங்கம் தீர்மானிக்கிறது. கனடாவிலிருந்து ஊருக்குப் போயிருந்த எனக்கு முதலில் இது பெரிய வசதியாகவே பட்டது. சின்னம்மாவோடு பஸ்ஸில் போய்வரத் தொடங்கிய பிறகுதான் உள்விசயம் விளங்கியது.

அன்று நாங்கள் ஏறிய தனியார் பஸ் கோப்பாய் வரைக்கும் உருட்டிக்கொண்டே போனது. ஒழுங்கைக்கு ஒழுங்கை நிறுத்தி, "நெல்லியடி, பருத்துறை" என்று நடத்துநர் கூப்பிட்டார். நீர்வேலியில் ஆட்கள் ஏறி முடிந்தும் பஸ் அசையவில்லை. "எங்க நிக்கிறான்?" என்று நடத்துநர் ஃபோனில் யாரிடமோ கேட்டுக்கொண்டிருக்க, சாரதியின் கண் பக்கக் கண்ணாடியிலேயே இருந்தது. பின்னால் மற்ற பஸ் தெரிந்ததுதான் தாமதம், ஒரே பறப்பு. ஆவரங்காலில் இறங்க வேண்டிய ஒரு வயதான அம்மா பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு வருவதற்குள் "ரைட்" சொல்லியாயிற்று. சனம் சத்தம் போட்ட பிறகு, சந்தியைத் தாண்டித்தான் நின்றது. அவரின் ஒரு கால் நிலத்தில் பட, மற்றக் கால் படியில் இருக்க, பஸ் நகரத் தொடங்கிவிட்டது. கீழே நின்ற ஒரு பெடியன் பிடித்திராவிட்டால் விழுந்திருப்பார். வல்லை வெளியில் இரண்டு பஸ்ஸும் பக்கம் பக்கமாக ஓடின. சின்னம்மா முன் சீற்றுக் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி சந்நிதி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தா.

எனக்கு அந்தச் சாரதியில் கோபம் வந்தது உண்மை. ஆனால் பல தனியார் பஸ்களில் முதலாளிக்கு நாளாந்தம் ஒரு தொகை கட்ட வேண்டும், டீசலுக்கும் போக வேண்டும், மிச்சம்தான் சாரதிக்கும் நடத்துநருக்கும். ரிக்கற் விலையைக் குறைத்து ஆள் சேர்க்கவும் வழியில்லை. அப்போ பின்னால் வருபவனுக்கு முன் தரிப்பிடத்தைத் துடைத்து எடுப்பதுதான் வருமானம். ஆளுக்காகக் காத்து ஊர்வதும், பின்னால் மற்ற பஸ் தெரிந்ததும் பறப்பதும் அதனால்தான்.

இலங்கையில் 1958 ஜனவரியில் தனியார் பஸ் கம்பெனிகளை அரசு பொறுப்பேற்று இலங்கை போக்குவரத்துச் சபையை உண்டாக்கியது. 1979 இல் தனியாருக்கு மறுபடி வழி திறந்தார்கள். இரண்டும் ஒரே தெருவில் ஓடுவதில் பிழை இல்லை. ஆளுக்கொரு நேரத்தை வைத்துக்கொண்டு ஓடுவதுதான் பிழை. இணைந்த நேர அட்டவணை வேண்டும் என்ற பேச்சு வடக்கில் எத்தனையோ வருசமாக நடக்கிறது. தூர சேவைக்கென்று யாழ் நகரில் 2021 இல் தனி நிலையம் திறந்த பிறகும், யார் எங்கிருந்து புறப்படுவது என்ற இழுபறி தொடர்ந்தது.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவம். அவர்களின் பருவச்சீட்டு அரச பஸ்ஸுக்குத்தான். இறங்குவதற்கு ஆள் இல்லையென்றால் கை காட்டும் வெள்ளைச் சட்டைகளைத் தாண்டிப் போகிற பஸ்களைக் கண்ணால் கண்டேன். இருட்டினால் இன்னொரு கதை. பகலில் ஒரு பயணிக்காகக் குறுக்கே விழுபவர்கள், சனம் குறைந்ததும் காணாமல் போய்விடுவார்கள். பட்டணத்தில் கடையில் வேலை செய்யும் பிள்ளைகள் ஓட்டோவுக்குக் கொடுக்கும் காசு அவர்களின் சம்பளத்துக்குத் தாங்காது.

என்னைக் கேட்டால், ஒரு வழித்தடத்தின் வசூலை இரு தரப்பும் ஓடிய தூரத்துக்கு ஏற்பப் பிரித்துக்கொள்ள வேண்டும். இரவு பஸ்ஸையும் முறை வைத்து ஓட்ட வேண்டும். அனுமதிப்பத்திரம் கொடுக்கும் மாகாண அதிகார சபை அதை நிபந்தனையாகவே எழுதலாம். அதுவரைக்கும், வயதானவர்களோடு ஊருக்குப் போகிறவர்கள் இடைத் தரிப்பிடத்தில் ஏறாமல், முடிந்தால் பஸ் நிலையத்துக்கே போய் ஏறுங்கள். இறங்குமிடத்துக்கு ஒரு தரிப்பு முன்னமே நடத்துநரிடம் சொல்லி, அவர்களைக் கதவுக்குக் கிட்டவாக இருத்துங்கள்.