எக்ஸ்ரேயில் நிழல், மாடி ஏறினால் மூச்சிரைப்பு: அடுத்து சி.டி.யா, எக்கோவா, ஊதும் சோதனையா?

ரிப்போர்ட்டில் 'நிழல் தெரிகிறது' என்று ஒரு வரி இருந்தாலே பலருக்கும் அடுத்து சி.டி. ஸ்கேன்தான் நினைவுக்கு வரும். கொஞ்சம் பொறுங்கள், முதலில் பழைய எக்ஸ்ரே இருக்கிறதா என்று பீரோவில் தேடுங்கள். இரண்டு வருடத்துக்கு முந்தைய ஃபிலிமிலும் அதே இடத்தில் அதே அளவில் அந்த நிழல் இருந்தால், அது பெரும்பாலும் பழைய தழும்பு. இப்போது மூச்சு வாங்குவதற்குக் காரணம் வேறாக இருக்கலாம்.

பழையது இல்லையா? காய்ச்சல், சளியோடு வந்த நிமோனியா என்றால் உடம்பு தேறிய பிறகும் நிழல் மறைய வாரக்கணக்கில் ஆகும், அதனால் சுமார் 6 வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே பல நேரம் போதும். அப்போதும் மறையாவிட்டால் சி.டி. எடுக்கத்தான் வேண்டும், அதிலும் புகைபிடிப்பவர் தள்ளிப்போடவே கூடாது. எக்ஸ்ரேக்குக் கதிர்வீச்சு 0.1 மில்லிசீவர்ட்கூட வராது, சாதாரண மார்பு சி.டி.க்கு 6 போல ஆகும். பயப்படுகிற அளவு இல்லை, ஆனால் சும்மா எடுத்துப் பார்க்கிற விஷயமும் இல்லை.

'இதயம் பெரிதாக உள்ளது' என்று எழுதியிருந்தால் என் ஓட்டு எக்கோவுக்கு, அதாவது இதயத்தை அல்ட்ராசவுண்டில் பார்க்கும் சோதனைக்கு. நெஞ்சின் அகலத்தில் இதயம் பாதியைத் தாண்டினால் பெரிது என்பது கணக்கு. ஆனால் படுக்கையில் வைத்து எடுத்தாலோ, மூச்சை முழுசாக இழுக்காமல் எடுத்தாலோ நல்ல இதயமும் பெரிதாகத்தான் தெரியும். எக்கோவில் அது எப்படித் துடிக்கிறது என்பதையே பார்த்துவிடலாம், கதிர்வீச்சும் கிடையாது.

நுரையீரலைச் சுற்றி நீர் என்ற சந்தேகத்துக்கு அல்ட்ராசவுண்ட். நின்றபடி நேராக எடுக்கும் எக்ஸ்ரேயில் சுமார் 200 மில்லி சேர்ந்தால்தான் நீர் தெரியும், அல்ட்ராசவுண்டில் அதைவிடக் குறைவாக இருந்தாலும் தெரியும், நீரை எடுக்க ஊசி போடும் இடத்தையும் குறித்துக்கொள்ளலாம்.

திடீரென்று மூச்சுத் திணறி நெஞ்சும் வலித்தால் இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தால் எக்ஸ்ரே சுத்தமாகக்கூட இருக்கும், ரத்தக்குழாயைப் படத்தில் காட்டும் சாய மருந்து ஏற்றாத சி.டி.யிலும் தவறிவிடலாம்.

அதிகம் கண்டுகொள்ளப்படாதது ஸ்பைரோமெட்ரி, அதான் குழாயில் ஊதும் சோதனை. ஆஸ்துமாக்காரரின் எக்ஸ்ரே பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும்; காற்று வெளியேறும் வேகம் படத்தில் விழாது. ரத்தசோகையும் அப்படித்தான், ஹீமோகுளோபின் குறைந்தால் நாலு படி ஏறினாலே இரைக்கும், அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை போதும்.