வீட்டுக் கணினிக்கு விண்டோஸ் டிஃபெண்டர் போதுமா?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் புதுக் கணினி வாங்கப் போனால், கூடவே ஓராண்டு ஆன்டிவைரஸ் ஒன்றையும் தலையில் கட்டிவிடும் கடைகள் உண்டு. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் காசு கேட்காமல் உள்ளேயே இருக்கிறது. உளவு மென்பொருளைத் தடுக்க ஒரு வீட்டுக் கணினிக்கு அதுவே போதும். ஆனால் அதை யாரும் கட்டிப்போட்டிருக்கக் கூடாது. பல வீடுகளில் தவறுவது அங்கேதான்.

டிஃபெண்டருக்கு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் கெட்ட பெயர் பழையது. 2004 கடைசியில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி, அதன் உளவுத் தடுப்பு மென்பொருளை 2006ல் விண்டோஸ் டிஃபெண்டர் ஆக்கியது. விண்டோஸ் 7 வரை அது உளவு மென்பொருளை மட்டுமே பார்த்தது, வைரஸைத் தொடாது. 2012ல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் முழு ஆன்டிவைரஸ் ஆனது. "அது ஒன்றுக்கும் ஆகாது" என்று இன்றும் சொல்பவர்கள் விண்டோஸ் 7 காலத்துக் கதையைச் சொல்கிறார்கள்.

இன்றைய உளவு மென்பொருளும் மாறிவிட்டது. மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, தட்டும் எழுத்துகளைக் குறித்துக்கொள்ளும் வகை இன்னும் இருக்கிறது. ஆனால் அதிகம் அடிபடுவது வேறு வகை. உள்ளே வந்த சில நிமிடங்களில் பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும், நீங்கள் லாகின் செய்திருப்பதைத் தளங்களுக்குக் காட்டும் குக்கீகளையும் வாரிக்கொண்டு அனுப்பிவிடும், பிறகு தன்னையே அழித்துக்கொள்வதும் உண்டு. லும்மா என்ற மென்பொருள் அப்படிப்பட்டது. 2025 மார்ச் 16 முதல் மே 16 வரையிலான இரண்டே மாதத்தில் 3,94,000க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அது இருந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. குக்கீ போய்விட்டால் ஓடிபி கேட்காமலேயே உங்கள் மெயிலுக்குள் நுழைந்துவிட முடியும். மகன் சிங்கப்பூரில், அப்பச்சி ஊரில் என்று இருக்கும் வீட்டில் பேங்க் வேலை, பத்திர ஸ்கேன், கோயில் புள்ளி (குடும்ப வரி) கணக்கு எல்லாம் ஒரே கணினியில்தான் கிடக்கும். ஆகவே வாசலிலேயே தடுப்பதுதான் முக்கியம். பிறகு தேடிப் பிடிப்பது பாதி வேலைதான்.

முதலில் பார்க்க வேண்டியது எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற விலக்குப் பட்டியல். ஸ்டார்ட் மெனுவில் விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடெக்‌ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கடைசிவரை கீழே இறங்கினால் எக்ஸ்க்ளூஷன்ஸ். வீட்டுக் கணினியில் இந்தப் பட்டியல் காலியாக இருக்க வேண்டும். அங்கே சி டிரைவ் முழுவதுமோ, டவுன்லோட்ஸ் ஃபோல்டரோ இருந்தால் டிஃபெண்டர் அந்த இடங்களைத் திரும்பிப் பார்க்காது. ஆனாலும் முகப்பில் பச்சை டிக் அப்படியே இருக்கும். எத்தனை முறை ஸ்கேன் ஓட்டினாலும் "எதுவும் இல்லை" என்றே வரும்.

இந்தப் பட்டியலை நிரப்புவது பெரும்பாலும் கிராக். ஒரிஜினல் இல்லாத விண்டோஸ் அல்லது ஆஃபீஸைப் போட கேஎம்எஸ் ஆக்டிவேட்டர் என்று ஒன்றை ஓட்டுவார்கள். டிஃபெண்டர் அதைப் பிடிக்கும் என்பதால் முதலில் டிஃபெண்டரை நிறுத்துவார்கள், அல்லது விலக்கில் போடுவார்கள். வேலை முடிந்ததும் யாரும் அதைத் திரும்ப எடுப்பதில்லை. பாஸ்வேர்டு திருடும் மென்பொருள்கள் பரவிய முக்கிய வழிகளில் ஒன்றே போலி ஆக்டிவேட்டர்கள்தான். சர்வீஸுக்குக் கொடுத்த கணினி திரும்பி வந்தால், முதல் வேலையாக இந்தப் பட்டியலைத் திறந்து பாருங்கள்.

அதே பக்கத்தில் டேம்பர் ப்ரொடெக்‌ஷன் ஆன் ஆக இருக்க வேண்டும். வேறு மென்பொருள் டிஃபெண்டரை அணைப்பதை அது தடுக்கும். ஆனால் வீட்டுக் கணினியில் விலக்குப் பட்டியலை அது காக்காது, அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். "இந்த செட்டிங்கை உங்கள் அட்மினிஸ்ட்ரேட்டர் நிர்வகிக்கிறார்" என்ற வாசகம் ஆங்கிலத்தில் தெரிந்தால் இன்னும் கவனம். ஆபீஸ் கணினியில் அது இயல்பு. வீட்டில் அப்படி வந்தால், விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் யாரோ கை வைத்திருக்கக்கூடும். அங்கே ஒட்டுப்போடும் வேலை வேண்டாம். படங்களையும் ஆவணங்களையும் வெளியே எடுத்துவிட்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி, 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, விண்டோஸைப் புதிதாகப் போடுவதே சரி. அந்தப் பென்டிரைவை வேறொரு சுத்தமான கணினியில் தயார்செய்யுங்கள். விண்டோஸோடு விற்கப்பட்ட லேப்டாப் என்றால் அதன் உரிமக் குறியீடு மதர்போர்டிலேயே இருக்கும். அதே எடிஷனைப் போட்டு நெட்டில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். அப்படிப்பட்ட லேப்டாப்புக்கும் கிராக் போட்டுக் கொடுப்பது எந்த விதத்திலும் நியாயமில்லை.

அடுத்து, ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல் பக்கத்தில் ரெப்யூடேஷன் பேஸ்டு ப்ரொடெக்‌ஷன் செட்டிங்ஸ். அதில் பொட்டென்ஷியலி அன்வான்டட் ஆப் பிளாக்கிங் என்பதை ஆன் செய்து, கீழே உள்ள இரண்டு கட்டங்களிலும் டிக் போடுங்கள். இலவச பிடிஎஃப் கன்வர்ட்டர், வீடியோ டவுன்லோடர் என்று இறக்கும்போது கூடவே ஒட்டிக்கொண்டு வரும் டூல்பார்களையும் விளம்பர மென்பொருளையும் தடுப்பது இதுதான்.

கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியைப் பலரும் உளவுத் தடுப்பு என்று நினைத்து ஆன் செய்கிறார்கள். அது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்கானது. ஃபைலை மாற்றுவதையும் அழிப்பதையும் தடுக்கும், படிப்பதைத் தடுக்காது. உளவு மென்பொருளுக்குப் படித்தாலே போதும்.

பென்டிரைவ் தனிக் கதை. அழகப்பா பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில், ஜெராக்ஸ் கடைக்குப் போய் வரும் பென்டிரைவ் வழியாகவும் உளவு மென்பொருள் வரும். பிரவுசரில் இறக்கிய ஃபைலுக்கு "இது இணையத்திலிருந்து வந்தது" என்ற குறி விழும். அதை வைத்துத்தான் விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்க்ரீன் என்ற வசதி எச்சரிக்கிறது. பென்டிரைவ்கள் பெரும்பாலும் ஃபேட் 32 அல்லது எக்ஸ்ஃபேட் முறையில் இருப்பதால் அந்தக் குறி அதில் நிற்காது, எச்சரிக்கையும் வராது. டிஃபெண்டரின் ஃபுல் ஸ்கேனும் இயல்பாகப் பென்டிரைவைச் சேர்த்துக்கொள்வதில்லை. ஆகவே செருகியதும் எதையும் திறக்காமல், டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து "ஸ்கேன் வித் மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர்" கொடுங்கள். ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தால் ஃபார்மேட் செய்ய அவசரப்படாதீர்கள். டிஃபெண்டர் ஷார்ட்கட்டை நீக்கிய பின் டிரைவ் காலியாகத் தெரிவதும் இதனால்தான்: ஃபைல்கள் உள்ளேயே மறைந்திருக்கும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் வியூ பகுதிக்குப் போய் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, "ஹைட் ப்ரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் உள்ள டிக்கையும் எடுத்தால் தெரியும். பெயரே இல்லாத ஃபோல்டருக்குள்ளும் இருக்கலாம். படம், ஆவணம் மட்டும் எடுத்துக்கொண்டு பிறகு ஃபார்மேட் செய்யுங்கள்.

இனி டிஃபெண்டரின் பலவீனங்கள். இணையம் இல்லாதபோது அதன் பிடிக்கும் திறன் குறைகிறது. சந்தேகமான ஃபைலை மைக்ரோசாஃப்டின் சர்வரிடம் கேட்டே அது பல முடிவுகளை எடுக்கிறது. செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுகிறவர்கள் அதை மீட்டர்டு (டேட்டாவை அளந்து செலவிடும் இணைப்பு) என்று குறித்திருந்தால் அப்டேட்டும் தானாக இறங்காமல் நின்றுவிடலாம். வாரம் ஒருமுறை கையாலேயே செக் ஃபார் அப்டேட்ஸ் கொடுத்துவிடுங்கள். 4 ஜிபி ராம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கணினியில் ஸ்கேன் ஓடும்போது எல்லாம் தவழும். எஸ்எஸ்டி மாற்றினால் தீரும். அதற்காக டிஃபெண்டரை அணைப்பது தவறு. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் பிரவுசரில் கிடைக்கும் போலித் தளத் தடுப்பு குரோமில் முழுதாகக் கிடைக்காது. குரோமின் செட்டிங்ஸில் என்ஹான்ஸ்டு ப்ரொடெக்‌ஷனைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குறை பெரும்பாலும் அடைபடும்.

எந்த ஆன்டிவைரஸும் சரியாகத் தடுக்காத இடம் இரண்டு. எனிடெஸ்க் போன்ற ரிமோட் மென்பொருள் முறையானது. பேங்கிலிருந்து பேசுகிறோம் என்று சொல்லி யாராவது அதைப் போடச் சொன்னால் டிஃபெண்டர் வாய் திறக்காது. இன்னொன்று, "நீங்கள் மனிதர்தான் என்று நிரூபியுங்கள்" என்று காட்டி, விண்டோஸ் பொத்தானையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தச் சொல்லி, கன்ட்ரோல் வி, என்டர் என்று தொடரும் போலிப் பக்கம். உண்மையான கேப்சா எதுவும் அப்படிக் கேட்காது. லும்மா பரவிய வழிகளில் இதுவும் ஒன்று. அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் போனில் சொல்ல வேண்டிய விஷயம் இது.

துணைக்கு ஒன்று வேண்டுமென்றால் மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு நல்லது. போட்டதும் 14 நாள் பிரீமியம் டிரையல் தொடங்கலாம். அதை நிறுத்திவிட்டு, மாதம் ஒருமுறை ஸ்கேனுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிரவுசரின் தேடல் பக்கம் தானாக மாறியிருந்தால் அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் போதும், இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. உரிமம் முடிந்த ஆன்டிவைரஸ் கிடந்தால் அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் கொடுங்கள், டிஃபெண்டர் தானாக எழுந்துகொள்ளும்.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்தது. டிஃபெண்டருக்கு அப்டேட் தொடர்ந்து வந்தாலும் விண்டோஸில் உள்ள ஓட்டைகளை அது அடைக்காது. இஎஸ்யு என்ற நீட்டிப்பில் பதிந்தால் 2026 அக்டோபர் 13 வரை திருத்தங்கள் கிடைக்கும்.

உளவு மென்பொருள் புகுந்துவிட்டது என்று தெரிந்தால் வரிசை முக்கியம். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ஆஃப்லைன் ஸ்கேன் கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி சுமார் 15 நிமிடம் ஓடும், கரன்ட் போகாத நேரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டுகளை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள், புதியதும் போய்விடும். சுத்தமான செல்போனிலிருந்து முதலில் மெயில், பிறகு பேங்க் என்று மாற்றி, "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் கொடுங்கள். அதைச் செய்யாவிட்டால் திருடிய குக்கீ பாஸ்வேர்டு மாற்றிய பிறகும் வேலை செய்யக்கூடும். பணம் போயிருந்தால் ஸ்கேன் முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு போன் செய்து, பேங்கிலும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள்.