ஜப்பானியக் கைவினைப் பாத்திரம்: சுபாமே செம்பா, தகாவோகா வெள்ளீயமா?

சாப்பாட்டு மேசைக்கு உயர்ரகப் பாத்திரம் செய்ய ஜப்பானிய உலோகக் கைவினையை நாடினால், என் கண்ணுக்கு முதலில் தெரிவது இரண்டு ஊர்கள். நீகாட்டா மாகாணத்தின் சுபாமேயில் செம்புத் தகட்டைச் சுத்தியலால் அடித்தே பாத்திரமாக்குகிறார்கள். 1816-இல் தொடங்கிய கியோகுசெண்டோ பட்டறை இன்றும் அதைச் செய்கிறது. டோயாமா மாகாணத்தின் தகாவோகாவில் வார்ப்பு வேலை. 1611-இல் அப்பகுதிப் பிரபு மயேதா தொஷினகா ஏழு வார்ப்பாளர்களை அழைத்துக் குடிவைத்ததில் தொடங்கிய தொழில். 1916 முதல் அங்கே இயங்கும் நோசாக்கு, கலப்பில்லாத வெள்ளீயத்தில் கிண்ணமும் தட்டும் வார்க்கிறது.

சுபாமேயில் என்னை அசரவைப்பது கெண்டிதான். உடம்பும் மூக்கும் ஒரே தகட்டிலிருந்து எழும்பும். எங்கேயும் பற்றவைப்பு இருக்காது. தகட்டை இழுத்து நீட்டாமல், விளிம்பை அடித்து அடித்துச் சுருக்குகிறார்கள். அடி வாங்க வாங்கச் செம்பு இறுகிப்போகும். உடனே உலையில் காய்ச்சி இளக்கி, மறுபடி அடி. இப்படி எத்தனை தடவை! அதனால் வடிவமைப்பவர் ஒரு வளைவைக் கூடுதலாக வரைந்தால், அது பட்டறையில் யாரோ ஒருவரின் பல மணி நேரம். விலை ஏறுவதும் அங்கேதான்.

வெள்ளீயத்தின் குணமே வேறு. 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். வார்த்து எடுத்தாலும் கையால் வளைக்கும் அளவுக்கு மெத்தென்று இருக்கும். மற்றவர்கள் குறையாக நினைத்திருப்பார்கள். நோசாக்கு அதையே வடிவமாக்கிவிட்டது. தட்டையான வலை ஒன்றை ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் பழக்கூடை ஆகிவிடுகிறது. வாங்கியவரே கடைசி வடிவத்தைத் தருகிறார். அழகான யோசனை! ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் விரிசல் விடும். அடுப்பிலும் வைக்கக் கூடாது. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்து உருகவிட்ட வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதே உலோகம்தான்.

சரி, எதை எதற்கு? பழத்தட்டு, குளிர்பானக் கிண்ணம் என்றால் தயங்காமல் தகாவோகா. வெள்ளீயம் சட்டென்று குளிர்ந்துவிடும், சில நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தாலே போதும். அன்றாடம் தேநீர் ஊற்றும் பாத்திரத்துக்கு நான் சுபாமே பக்கம். துடைத்துத் துடைத்துப் புழங்கும் செம்பில் வருஷம் போகப் போக ஏறும் ஆழ்ந்த பளபளப்பை வெள்ளீயத்தில் நான் பார்த்ததில்லை. முழு மேசைக்கும் சேர்த்து வடிவமைக்கிறவர் என்றால், கெண்டியைச் செம்பிலும் அதைச் சுற்றி வரும் கிண்ணங்களை வெள்ளீயத்திலும் செய்யட்டும். கெண்டி ஒன்று போதும், கிண்ணம் குறைந்தது ஆறு வேண்டும்; செலவும் அப்போது கட்டுக்குள் நிற்கும்.