1000 துண்டு லண்டன் ஜிக்சா: படத்துக்காக வாங்கலாம், உள்ளே வரும் வம்ச அட்டை சரியில்லை

திருவனந்தபுரத்தில் ஒரு பொம்மைக் கடையில் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். 1572இல் கொலோன் நகரில் பிரௌனும் ஹோகன்பெர்கும் வெளியிட்ட நகரப் படத் தொகுப்பில் உள்ள லண்டன்தான் படம். களியக்காவிளையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஒன்பது ராத்திரி அது பிடித்துக்கொண்டது, நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம், யாருக்கும் அதில் வருத்தமில்லை.

அச்சு அவ்வளவு தெளிவு. பாலத்தைச் சேர்த்து முடித்ததும் மகள் கைதட்டிவிட்டாள், கல் தூண்களுக்கு மேலே வரிசையாக வீடுகள் நிற்கின்றன. 1209இல் கட்டி முடித்த அதுதான் அன்றைக்கு நகரத்துக்கு இருந்த ஒரே பாலம், மற்றபடி ஆற்றைக் கடக்கக் காசு கொடுத்துப் படகில் ஏற வேண்டும். தேம்ஸ் முழுக்கக் குட்டிப் படகுகளாக இருப்பது அதனால்தான். ஆற்றுத் துண்டுகள் எல்லாம் ஒரே நிறம், படகுகளை அடையாளம் வைத்துத்தான் பொருத்த முடியும், நாலு ராத்திரி அதற்கே போனது, அம்மா தான் சின்ன வயதில் ஏறிய கடத்து வள்ளத்தின் கதைகளைச் சொல்லிக்கொண்டே கூட இருந்தார்.

தென்கரையில் இரண்டு வட்டங்கள் இருக்கும். கரடி மேலும் காளை மேலும் நாய்களை ஏவிவிட்டு ஜனங்கள் வேடிக்கை பார்த்த அரங்குகள் அவை. குளோப் நாடக அரங்கைத் தேடாதீர்கள், அது 1599இல்தான் வந்தது. செயின்ட் பால் தேவாலயத்தின் கூர்கோபுரம் படத்தில் ஜம்மென்று நிற்கிறது, ஆனால் 1561லேயே இடி விழுந்து எரிந்துபோனது அது. அதற்கு முந்தைய வரைபடத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். பெட்டியில் இதை ஒரு வரி சொல்லியிருக்கலாம். மதிலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் வயல். 1500 வாக்கில் சுமார் 50,000 பேர் இருந்த அந்த ஊரில் நூறு வருஷத்தில் சுமார் 2 லட்சம் பேர்.

அப்புறம் அந்த வம்ச அட்டை, இங்கிலாந்து ராஜாக்களின் வம்சத்தைக் கோடு போட்டுக் காட்டுவது. 1485இல் பாஸ்வொர்த் சண்டையில் ஜெயித்த ஹென்றி டியூடர் யார்க் வம்சத்து எலிசபெத்தைக் கட்டியது வரை சரியாகப் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மகன் எட்டாம் ஹென்றி, அவருக்குப் பின் எட்வர்ட், மேரி, எலிசபெத் என்று அவருடைய மூன்று பிள்ளைகளும் ஆண்டார்கள், மூவருக்கும் வாரிசு இல்லை. அடுத்து 1603, ஸ்டூவர்ட் வம்சத்து ஜேம்ஸ். அவர் எங்கிருந்து வந்தார் என்று காட்ட ஒரு கோடு கூட இல்லை!

அம்மா அட்டையைப் பார்த்துவிட்டு, "நம்ம ராஜா வீடா இருந்தா அக்கா மகனுக்குல்லா மக்களே போயிருக்கும்" என்றார். திருவிதாங்கூரில் மருமக்கத்தாயம், அதாவது பட்டம் ராஜாவின் சகோதரி மகனுக்குப் போகும், 1758இல் மார்த்தாண்ட வர்மாவுக்குப் பிறகு ஆண்டது அவர் சகோதரி மகன் கார்த்திகைத் திருநாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. எட்டாம் ஹென்றியின் அக்காள் மார்கரெட், 1503இல் ஸ்காட்லாந்து ராஜாவைக் கட்டிப் போனவர். அவர் மகன் ஐந்தாம் ஜேம்ஸ், அந்த ஜேம்ஸின் மகள் மேரியின் மகன்தான் 1603இல் வந்தவர். கடைசியில் பட்டம் போனது அக்காள் வழியில்தான், அட்டையில் விட்டுப்போனதும் அந்த அக்காளைத்தான். பேனாவால் நானே மார்கரெட்டை எழுதிக் கோடு போட்டு மூடியின் உள்பக்கம் ஒட்டிவிட்டேன்.

துண்டுகள் கெட்டி, ஒன்று கூடக் குறையவில்லை. அகலமான பலகை ஒன்றை முதலிலேயே தயார் பண்ணிக்கொள்ளுங்கள்.