மேற்பார்வைச் சந்திப்பை மதிப்பிட: பாரமா, பதிவா?

பேச்சு சிகிச்சை படிக்கும் மாணவி மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் பயிற்சியில் இருக்கிறார். மேற்பார்வையாளரோடு வாரம் அரை மணி நேரச் சந்திப்பு. அது உருப்படியாகப் போனதா என்று பார்க்க மாணவி நிரப்பும் ஐந்து புள்ளிப் பாரம் (மதிப்பீட்டுப் படிவம்) ஒரு வழி. பேச்சைப் பதிவு செய்து யார் என்ன பேசினார் என்று எண்ணுவது இன்னொன்று. நாங்கள் எடுத்தது இரண்டாவதை.

பாரம் இரண்டு நிமிட வேலை. ஆனால் நிரப்பும் மாணவியின் மதிப்பெண், அதை வாங்கும் மேற்பார்வையாளர் கையில். நான்கும் ஐந்தும்தான் விழும். பெயர் போடாவிட்டாலும், ஊருக்கே ஒரு மாணவி என்றால் மறைவேது?

1976-இல் பேச்சு சிகிச்சை ஆய்வாளர்கள் குலாட்டாவும் செல்ட்சரும் இத்தகைய சந்திப்புகளை வகைபிரித்து எண்ணினார்கள். மாணவர் நடந்ததை ஒப்பிக்க, அடுத்து என்ன செய்வதென்பது பெரும்பாலும் மேற்பார்வையாளர் வாயிலிருந்தே வந்தது. இங்கே அதற்கு விலை அதிகம். சிகிச்சைக்கு வந்த பிள்ளை ‘வாளப்பளம்’ என்கிறான். தமிழ் தெரியாத மேற்பார்வையாளர் ழகரத்துக்குப் பட அட்டை செய்யச் சொல்லிவிடுவார். வீட்டில் பாட்டிவரை அப்படித்தான் பேசுகிறார்கள், இது கோளாறல்ல என்று சொல்ல வேண்டியவர் மாணவி. அவருக்கு இடம் கிடைத்ததா? பாரம் காட்டாது.

பதிவைக் கெடுப்பது நேரம். முழுவதையும் எழுத்தாக்கப் போனால் அரை நாள் ஓடிவிடும். இரண்டாம் வாரமே கைவிடுவார்கள். எழுதவே வேண்டாம். தொடக்கம், நடு, கடைசி என ஐந்தைந்து நிமிடம் கேட்டால் போதும் (சாப்பாட்டு விசாரிப்பு முடிந்த பிறகு தொடங்குங்கள்). தாளில் நான்கு கட்டம்: மேற்பார்வையாளரின் கேள்வி, உத்தரவு, மாணவியின் தகவல், சொந்த அலசல். ஒருவர் பேசி நிறுத்தும்போதெல்லாம் ஒரு கோடு. “அட்டை வைக்கலாமில்ல?” கேள்வி வேஷம் போட்ட உத்தரவு, உத்தரவிலேயே போடுங்கள். “ம்ம்”, “ஆமாங்க மிஸ்” கணக்கில் சேராது. சேர்த்தால் வாய் திறக்காத மாணவிகூட நிறையப் பேசியவராகிவிடுவார். கைப்பேசி மாணவி பக்கம் இருக்கட்டும், காற்றாடிக்கு நேர் கீழே வேண்டாம். இருவர் சம்மதமும் வேண்டும். பிள்ளையின் பெயரைச் சொல்லாதீர்கள். எண்ணி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

முதல் வாரங்களில் உத்தரவு மிகுவது இயல்பு. நாலைந்து வாரமாகியும் அலசல் கட்டம் காலியாகவே கிடந்தால்தான் கவலை. மூன்று நான்கு மாணவர் கூடும் சந்திப்புக்கு இந்தக் கணக்கை அவ்வளவு நம்பிப் பரிந்துரைக்க மாட்டோம், குரல் பிரிப்பதே பெரும்பாடு. மேற்பார்வையாளர் மனம் நோகாமல் திருத்தினாரா என்பதும் கோட்டில் வராது. அதற்குப் பாரத்திலிருந்து ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு, மதிப்பெண் கொடுத்த பிறகு நிரப்பச் சொல்லுங்கள்.