கேம்பர் வேனை நிறுத்தி வைத்துப் பராமரித்தல்: பெங்களூரில் எங்கள் அனுபவம்

படுக்கை, சிறு சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி ஆகியவை பொருத்தப்பட்ட டீசல் கேம்பர் வேன் ஒன்றைப் பெங்களூரில் சில ஆண்டுகளாக வைத்திருக்கிறோம். இத்தகைய வண்டி ஓடும்போது கெடுவதை விட நின்றுகொண்டே கெடுவதுதான் அதிகம் என்பது எங்கள் அனுபவம். வெளிநாட்டுப் பராமரிப்புக் கையேடுகள் குழாய்களில் நீர் உறைவதைப் பற்றியே பக்கம் பக்கமாக எச்சரிக்கின்றன. இங்கே அந்தக் கவலை இல்லை. மழை, வெயில், எலி ஆகிய மூன்றும்தான் இங்கு கவனிக்க வேண்டியவை.

அடுக்குமாடிக் குடியிருப்புகளின் அடித்தள நிறுத்துமிடங்கள் கார்களின் உயரத்துக்கே கட்டப்பட்டவை என்பதால், கூரையில் ஏசி வைத்த வேன் அவற்றுக்குள் நுழையாது. ஆகவே அத்திப்பள்ளிப் பக்கம் ஒரு ஷெட்டில் மாத வாடகைக்கு இடம் பிடித்தோம். தகரக் கூரையும் காற்றோட்டத்துக்குத் திறந்த பக்கங்களும் உள்ள இடமே நல்லது. மரநிழல் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். பிசினும் பறவை எச்சமும் பெயின்டைக் கெடுப்பது ஒருபுறமிருக்க, ஏப்ரல், மே மாதங்களின் கோடைமழைக் காற்றில் இந்நகரத்தில் கிளைகள் முறிந்து விழுவது வாடிக்கை. தார்ப்பாயால் இறுக்கிப் போர்த்துவதும் ஈரத்தை உள்ளேயே அடைத்து வைப்பதில்தான் முடியும்.

மிக அதிகக் கவனம் கோருவது கூரை. காற்றுத்திறப்பு, ஏசி, சோலார் பலகையின் தாங்கிகள் என்று எங்கெல்லாம் துளையிடப்பட்டிருக்கிறதோ, அங்கெல்லாம் நீர் கசியாமல் அடைக்கும் சீலன்ட் பூசப்பட்டிருக்கும். உலோகமும் பிளாஸ்டிக்கும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரிவதால், காலப்போக்கில் அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல்கள் விழுகின்றன. அவற்றின் வழியே இறங்கும் நீர் நேர்கீழே சொட்டாமல், உட்பலகைக்குப் பின்னால் ஓடி வேறெங்கோ கறையாகத் தெரியும். கறை தெரியும்போது பிளைவுட் ஊறியிருக்கும். ஆகவே ஜூனில் பருவமழை தொடங்குமுன் ஏணி போட்டு ஏறி, ஒவ்வோர் ஓரத்தையும் விரலால் அழுத்திப் பார்த்துவிடுகிறோம். குளியலறைக்குப் பூசும் சிலிக்கானை இங்கே பயன்படுத்தக் கூடாது; பிறகு அதன்மேல் வேறெந்தப் பூச்சும் சரியாக ஒட்டாது. பாலியூரித்தேன் சீலன்ட் விலை கூடுதல் என்றாலும் அதுவே ஏற்றது. வண்டி நிற்கும் காலத்தில் மெத்தையைச் செங்குத்தாக நிறுத்தி, அலமாரிக் கதவுகளையும் ஃபிரிட்ஜையும் சற்றே திறந்து வைத்தால் பூஞ்சை பிடிப்பதில்லை.

அடுத்தது பேட்டரி. ஈய-அமில பேட்டரி முழுச் சார்ஜில் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; 12.4-க்குக் கீழே நெடுநாள் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, அதன் கொள்ளளவு நிரந்தரமாகக் குறைகிறது. வேனுக்குள் விளக்கு, ஃபிரிட்ஜ் போன்றவற்றுக்கான லித்தியம் பேட்டரிக்கோ இதற்கு நேர்மாறான விதி: பாதியளவு சார்ஜில் வைத்து, இணைப்பைத் துண்டித்துவிட வேண்டும். வாரந்தோறும் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது; செல்ஃப் எடுத்த மின்சாரம்கூட அதில் திரும்புவதில்லை, எஞ்சின் சூடேறாததால் ஈரம் ஆயிலில் கலக்கிறது, பிஎஸ் 6 மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்து வண்டிகளில் புகை வடிகட்டியும் அடைபடுகிறது. மாதம் ஒருமுறை ஓசூர் வரை ஓட்டித் திரும்புவது எவ்வளவோ மேல். டயர்கள் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாவதையும் அது தடுக்கிறது.

நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போடாமல், கியரில் விட்டுச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுக்கிறோம். மழைக்காலத்தில் பிரேக் ஷூ டிரம்முடன் ஒட்டிக்கொள்வது இதனால் தவிர்கிறது. தண்ணீர்த் தொட்டியையும் பம்பையும் முழுமையாக வடித்துவிட வேண்டும், அதிலும் போர்வெல் நீர் நிரப்பியிருந்தால் உப்புப் படிவு குழாய்களைச் சீக்கிரமே அடைக்கும். கேஸ் சிலிண்டரைக் கழற்றி வெளியே எடுத்துவிடுகிறோம். எலிக்கு நாஃப்தலீன் உருண்டையால் பெரிய பலன் இல்லை. வயர் நுழையும் துளைகளில் எஃகு நாரைத் திணித்து, உள்ளே ஒரு பிஸ்கட் துண்டுகூட விடாமல் துடைப்பதுதான் உதவியது. டீசல் புகையைச் சுத்திகரிக்கும் ஆட்புளூ தேவைப்படும் வண்டி என்றால், அந்த யூரியா கரைசலைக் கேன் கணக்கில் வாங்கிச் சேர்த்து வைக்க வேண்டாம். 30 டிகிரி வெப்பத்தில் அதன் ஆயுள் ஏறத்தாழ ஓராண்டுதான், தகரக் கூரையின் கீழே அதனினும் குறைவு.