டென் ஸ்போர்ட்ஸ்: 15 வருடம் பார்த்தவன் எழுதுவது

2002 மே 31, மாலை 5 மணிக்கு உலகக் கோப்பை ஃபுட்பால் மேட்ச். பிரான்ஸுக்கு எதிராக செனகலின் பூபா டியோப் கோல் போட்டார். சட்டையைக் கழற்றி கார்னர் கொடிக்குப் பக்கத்தில் தரையில் விரித்தார். கூட்டாளிகளோடு அதைச் சுற்றி ஆடினார். டென் ஸ்போர்ட்ஸில் நான் பார்த்த முதல் மேட்ச் அது. துபாயிலிருந்து வந்த அந்தச் சேனல் தொடங்கி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கள் பெரம்பூர் பக்கம் ஃபுட்பால் என்றால் உயிர். அந்த ஜூன் மாதம் முழுக்க தெருவில் சட்டையைச் சுற்றி ஆடும் அந்த நடனத்தைத்தான் பையன்கள் ஆடினார்கள்.

அப்புறம் டபிள்யூடபிள்யூஇ மல்யுத்த நிகழ்ச்சி. அதில் அண்டர்டேக்கர் என்ற வீரர் வருவதற்கு முன் அடிக்கும் அந்த மணிச் சத்தம் கேட்டால் போதும், வீட்டுப்பாடம் அப்படியே கிடக்கும்.

ஆனால் என் கணக்கில் இந்தச் சேனலின் உச்சம் 2004 மார்ச்சில் இந்திய கிரிக்கெட் அணி பாகிஸ்தான் போன தொடர்தான். சென்னையில் அதற்கு முந்தைய வருடமே செட்டாப் பாக்ஸ் முறை வந்துவிட்டதால், பெட்டி இல்லாத வீட்டில் கட்டணச் சேனல் தெரியாது. எங்களிடம் பெட்டி இல்லை. கேட்டுக் கேட்டுப் பார்த்தோம், கேபிள்காரர் கொண்டுவரவே இல்லை. கராச்சி ஒருநாள் போட்டியைப் பெரியப்பா வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். இந்தியா 349. ஷோயப் மாலிக் தூக்கி அடித்த பந்துக்குக் கீழே நம்ம சென்னை ஆள் ஹேமாங் பதானி நிற்கிறார். எங்கிருந்தோ ஓடிவந்த கைஃப் அவர் மேலேயே பாய்ந்து பிடித்தார். இருவரும் மோதியும் பந்து கையை விட்டுப் போகவில்லை. 5 ரன்னில் ஜெயித்தோம். பெரியப்பா எழுந்து நின்று கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

அந்தத் தொடரை தூர்தர்ஷனுக்கும் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அங்கே கிடைத்த உத்தரவுப்படி டென் ஸ்போர்ட்ஸ் லோகோவும் விளம்பரங்களும் அப்படியே தூர்தர்ஷனில் வந்தன. முல்தானில் சேவாக் சிக்ஸர் அடித்து 300-ஐத் தொட்டது எங்கள் வீட்டிலும் தெரிந்தது.

சரி, எங்கே சறுக்கியது? இந்திய மண்ணில் நடக்கும் கிரிக்கெட்டின் உரிமை மற்ற சேனல்களிடம் இருந்தது. டென் ஸ்போர்ட்ஸ் நம்பியது வெளிநாட்டு வாரியங்களை. அதில் பொன் முட்டை பாகிஸ்தான். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு இந்திய அணி அங்கே போகவில்லை. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை வீரர்களின் பேருந்து சுடப்பட்ட பின் பல வருடம் பெரிய அணிகள் எதுவும் போகவில்லை. இதற்கிடையில் ஐபிஎல் வந்து வேறு சேனலில் உட்கார்ந்துகொண்டது. 2006-லேயே டென் ஸ்போர்ட்ஸில் பாதியை வாங்கியிருந்த ஜீ நிறுவனம், டென் கிரிக்கெட், டென் கோல்ஃப் என்று சேனல்களைக் கூட்டியது. சேனல் கூடியதே தவிர, எல்லா வீட்டையும் உட்கார வைக்கும் ஆட்டம் கூடவில்லை. 2016-ல் 38.5 கோடி டாலருக்கு சோனிக்கு விற்றார்கள். அடுத்த ஜூலையில் பெயரும் சோனி டென் என்று மாறியது.

இன்றும் சொல்கிறேன், விளையாட்டை இவ்வளவு நெருக்கத்தில் எனக்குக் காட்டிய சேனல் வேறு இல்லை. 5-க்கு 4 தருவேன்.

2021-ல் சோனி டென் 4 தமிழில் வந்தபோது அக்கா பையன் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருந்தான். "டென்னுன்னா என்ன மாமா?" என்றான். டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, செனகல்காரர் சட்டையைக் கழற்றிய இடத்திலிருந்து ஆரம்பித்தேன்.